பூட்டிய ஆய்வகங்களைத் திறந்துவிடுங்கள்: பாலிடெக்னிக் முதல்வர்களுக்கும் தொழில்நுட்பக் கல்வித் துறைக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பாலிடெக்னிக் முதல்வர்களுக்கும், தொழில்நுட்பக் கல்வித் துறையில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

எங்கள் பகுதியிலுள்ள ஒரு பாலிடெக்னிக், இந்தக் கல்வியாண்டிலிருந்து வெளி ஆட்களின் வேலை எதையும் தன் ஆய்வகங்களில் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறது. வார்ப்பு மண்ணைச் சோதித்துத் தருவது, கடினத்தன்மை பார்ப்பது, உலோகத் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துச் சொல்வது எல்லாம் நின்றுவிட்டது. இறுதியாண்டு மாணவர்களை எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு அனுப்பிப் புராஜெக்ட் செய்ய வைப்பதும் நின்றுவிட்டது. காரணம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு எழுத்தில் பதில் இல்லை. நேரில் போனபோது வாய்மொழியாகச் சொன்னது இதுதான்: வெளியிலிருந்து வாங்கும் கட்டணத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்று தணிக்கையில் கேள்வி வருகிறது, பட்டறையில் பையன்களுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்று பயமாக இருக்கிறது, ஆகவே இனி புராஜெக்ட் எல்லாம் வளாகத்துக்குள்ளேயே நடக்கும். அதே மாதத்தில் அந்தக் கல்லூரி ஒரு பெரிய நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது.

கல்லூரியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு உதவி செய்த ஆசிரியர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள், அவர்களுக்குச் சங்கடம் வரக் கூடாது. மற்ற ஊர்களில் பட்டறை வைத்திருக்கும் நண்பர்களிடம் பேசினால் அங்கேயும் இதே மாதிரி கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவதாகத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் ஒரு கல்லூரி முதல்வருக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

கோவை கணபதியில் ஒரு சிறிய வார்ப்பாலை நடத்துகிறேன். பம்ப்செட் கம்பெனிகளுக்கு வால்யூட், இம்பெல்லர் (பம்புக்குள் தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரம்), மோட்டார் பாடி ஆகியவற்றை வார்த்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. நானும் டிப்ளமோக்காரன்தான், சாண்ட்விச் முறையில் படித்தவன். மூன்றரை ஆண்டுப் படிப்பில் இடையிடையே தொழிற்சாலைக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வகுப்புக்குத் திரும்புவோம். வகுப்பில் ஆசிரியர் சொல்லும் ஒரு விஷயம் தரையில் எப்படி மாறிப்போகிறது என்று அப்போதே பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான், சொந்தமாகத் தொழில் தொடங்கிய பிறகும், ஒரு சிக்கல் வந்தால் பாலிடெக்னிக்கை நோக்கிப் போனேன்.

அப்படிப் போனதால் என்ன கிடைத்தது என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் கேட்பது ஏதோ சலுகை போலத் தோன்றும்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மாடல் வால்யூட்டில் தொடர்ந்து லீக் வந்தது. வால்யூட் என்பது பம்பின் நத்தை வடிவ உடம்பு. உள்ளே தண்ணீர் சுழன்று வரும் பாதைக்காகக் கோர், அதாவது உள் வெற்றிடத்தின் வடிவில் செய்த மண் அச்சு, வைத்து வார்க்க வேண்டும். வார்த்து, மண் அச்சுப் பெட்டியை உடைத்து, பிசிறு நீக்கும் ஃபெட்லிங் முடித்து, லேத்தில் ஏற்றி மெஷினிங்கும் முடித்த பிறகு கடைசியாகத்தான் ஹைட்ரோ டெஸ்ட். எல்லா வாய்களையும் அடைத்து உள்ளே தண்ணீர் அழுத்தம் ஏற்றுவோம். வெளிச்சுவரில் ஓரிடத்தில் முதலில் இரும்பின் நிறம் லேசாகக் கறுக்கும். அப்புறம் அந்த இடம் முத்து முத்தாக வேர்க்கும். அவ்வளவுதான், அந்தப் பீஸ் திரும்பவும் உலைக்குப் போக வேண்டியதுதான். இரும்பு திரும்பக் கிடைத்துவிடும். உருக்கிய கரண்ட், மண் அச்சு போடும் மோல்டரின் கூலி, லேத்தில் போன நேரம், டெலிவரி தள்ளிப்போனதற்குக் கேட்ட பேச்சு, இவற்றில் எதுவும் திரும்பாது.

வாங்குகிற கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு 'புளோ ஹோல்' (வாயு சிக்கி உண்டான ஓட்டை) என்று எழுதி அனுப்பியது. வார்ப்புத் தொழிலில் புளோ ஹோலுக்கு ஒரு காரணமா இரண்டு காரணமா? மண்ணில் ஈரம் கூடியிருக்கலாம். மண்ணில் காற்றுப்போக்கு குறைந்திருக்கலாம். கோர் சரியாகக் காயாமல் இருக்கலாம், கோரில் எண்ணெய் அதிகமாகியிருக்கலாம், வாயு வெளியேறும் வென்ட் துளை அடைத்துக்கொண்டிருக்கலாம், உலோகம் சூடு குறைந்து ஊற்றப்பட்டிருக்கலாம். எங்கள் மோல்டர் 'கோர்ல தாங்க கோளாறு' என்றார். கோர் போடுகிறவர் 'மண்ணைப் பாருங்க' என்றார். இருவரும் ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் அழுத்தி, இரண்டாக உடைத்துப் பார்த்தே ஈரம் சொல்லக்கூடிய அனுபவக்காரர்கள். நான் இருவர் பேச்சையும் மாற்றி மாற்றிக் கேட்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஒரு வாரம் குறையும், அடுத்த வாரம் கூடும்.

அப்போதுதான் பாலிடெக்னிக்கில் ஃபவுண்டரி பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு விரிவுரையாளர், இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேரை அனுப்பிவைத்தார். முதலில் அவர்கள் எதையும் தொடவில்லை. வேடிக்கை பார்ப்பதுபோல நின்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் சாக்பீஸால் எண் போட்டார்கள். அந்தப் பெட்டி எத்தனை மணிக்கு நிரப்பப்பட்டது, எந்த ஹீட்டில் (எத்தனையாவது உருக்கில்) ஊற்றப்பட்டது, யார் நிரப்பினார், எல்லாம் நோட்டில் ஏறியது. மணிக்கொரு முறை மண் குவியலிலிருந்து ஒரு கவரில் மண் எடுத்து இறுகக் கட்டிக் கல்லூரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஈரப்பதம், பெர்மியபிலிட்டி (காற்றுப்போக்கு), அழுத்த வலிமை, சல்லடைச் சோதனை. இவையெல்லாம் அவர்கள் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் பரிசோதனைகள்தான். ஒரே வித்தியாசம், அந்த முறை மண் நிஜமான மண்ணாக இருந்தது. கூடவே ஒரு சாதாரண வெப்பமானியை வைத்து மண்ணின் சூட்டையும் குறித்துக்கொண்டார்கள். அதைச் செய்ய எனக்கோ என் ஆட்களுக்கோ தோன்றியதே இல்லை.

பருவம் முடியும்போது தெரிந்தது என்னவென்றால், லீக் வந்த பீஸ்களில் பெரும்பாலானவை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிரப்பிய பெட்டிகளிலிருந்து வந்தவை. காலையில் ஊற்றி உடைத்த பெட்டிகளின் மண், சூடு ஆறாமலேயே மதியம் திரும்பவும் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. சூடான மண் கைக்குக் காய்ந்தது போலத் தெரியும். அதனால் மோல்டர் கொஞ்சம் தண்ணீர் கூட்டித் தெளிப்பார். அந்தச் சூட்டில் எழும் ஆவி, பெட்டிக்குள் குளிர்ச்சியாக இருக்கும் கோரின் மேல் போய்த் தண்ணீராகப் படிந்துவிடும். இரும்பு வந்து தொட்டதும் அந்த ஈரம் வாயுவாகிக் கிளம்பும். பல மாதமாக மாற்றாத மண்ணில் தூள் சேர்ந்துபோய்க் காற்றுப்போக்கு குறைந்திருந்ததால் அந்த வாயு வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது. மோல்டர் சொன்னது பாதி சரி, கோர்க்காரர் சொன்னதும் பாதி சரி. மண்ணும் கோரும் சேரும் இடத்தில் கோளாறு இருந்தது. அந்த இடத்தை இருவரில் யாரும் தனியாகப் பார்த்திருக்க முடியாது.

மண்ணை இரண்டு குவியலாகப் பிரித்தோம். காலை மண் மதியம் ஆறும், மதியத்துக்கு வேறு மண். தண்ணீரை அளந்து ஊற்றினோம். பழைய மண்ணில் ஒரு பங்கை அவ்வப்போது கழித்துவிட்டுப் புது மண் சேர்த்தோம். புதிதாக ஒரு மெஷின்கூட வாங்கவில்லை. அந்த மாடலில் ரிஜெக்‌ஷன் பாதிக்கும் கீழே போனது, இன்றுவரை அந்த அளவிலேயே நிற்கிறது. அந்த நான்கு பேரில் ஒருவன் இப்போது ஒரு பெரிய வார்ப்பாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறான். நேர்முகத் தேர்வில் அவனிடம் கேட்டதில் பெரும்பகுதி இந்தச் சூடான மண்ணைப் பற்றித்தானாம்.

இதை ஆராய்ச்சி என்றுதான் நான் சொல்வேன். சந்தேகம் வந்தது, அளந்தார்கள், பதிவு செய்தார்கள், ஒப்பிட்டார்கள், காரணம் கண்டார்கள், மாற்றிப் பார்த்து உறுதி செய்தார்கள். எந்த ஆய்விதழும் இதைப் போடாது. ஆனால் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் ஒரு பட்டறைக்கு அந்த ஆண்டின் லாபமே இதுதான்.

இந்த வருடம் எனக்கு வேறொரு சிக்கல். இம்பெல்லரின் மெல்லிய ஓரங்களில் இரும்பு வெள்ளை வார்ப்பாக உறைந்து கல் போல ஆகிவிடுகிறது. லேத்தில் ஏற்றினால் டூல் நுனி பறந்துவிடுகிறது. போடும் ஸ்கிராப்பின் கலவையா, சிலிக்கான் குறைகிறதா, இரும்பு வெள்ளையாக உறையாமலிருக்கச் சேர்க்கும் இனாகுலன்ட் போட்டுவிட்டு ஊற்றத் தாமதிக்கிறோமா என்று அளந்து பார்த்தால்தான் தெரியும். அதற்கு வேண்டிய மைக்ராஸ்கோப்பும் கடினத்தன்மை சோதிக்கும் கருவியும் என் பட்டறையிலிருந்து சிறிது தூரத்தில், அரசுப் பணத்தில் வாங்கப்பட்டு, பரிசோதனை வகுப்பு இல்லாத நேரமெல்லாம் சும்மா இருக்கின்றன. அந்த வாசலில்தான் என்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

நீங்கள் கேட்கலாம், கோவையில் சோதனைக்கூடங்களுக்கா பஞ்சம் என்று. சிறு தொழில்களுக்கான சோதனை, ஆராய்ச்சி மையமான சிட்டார்க் இருக்கிறது. பம்பு, மோட்டார் தொழிலுக்கு அது செய்திருக்கும் உதவியை நாங்கள் மறக்கவில்லை. தனியார் பரிசோதனைக் கூடங்களும் இருக்கின்றன. ஆனால் சோதனைக்கூடத்துக்கு நாம் ஒரு பீஸ் கொடுத்தால் அந்தப் பீஸைப் பற்றி ஒரு ரிப்போர்ட் வரும். தேர்ச்சியா தோல்வியா, கடினம் எவ்வளவு, கலவை என்ன என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஏன் செவ்வாய்க்கிழமை நன்றாக வந்தது புதன்கிழமை கெட்டது என்பதைக் கண்டுபிடிக்க, பட்டறைத் தரையில் ஒருவர் மாதக்கணக்கில் நிற்க வேண்டும். அப்படி நிற்க நேரமும், சோதிக்கக் கருவியும், வழிகாட்ட ஆசிரியரும் ஒருசேர இருக்கும் இடம் பாலிடெக்னிக் மட்டும்தான். பொறியியல் கல்லூரிகளின் பேராசிரியர்களுக்கு ஆய்விதழ்க் கட்டுரை வேண்டும். எங்கள் சூடான மண் அவர்களுக்கு உதவாது. அதற்காக அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களின் பதவி உயர்வு அதை வைத்துத்தான் நடக்கிறது.

இந்த ஊர் இப்படி வளரவில்லை என்பதையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று இன்றும் பேசப்படுவது 1937-ல் இங்கே பீளமேட்டில் ஜி.டி.நாயுடு, டி.பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியில் வந்தது. பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக் 1939-ல் தொடங்கியது. அதை நடத்தும் பி.எஸ்.ஜி. அறக்கட்டளையின் தொழிற்கூடம் பம்பும் மோட்டாரும் செய்து சந்தையில் விற்றது. படிப்பும் உற்பத்தியும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்தன. 1945-ல், அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் இங்கே தொழில்நுட்பக் கல்வி நிலையம் எழ முன்னின்ற ஜி.டி.நாயுடு, நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் சொல்லித்தர முடியும் என்று வாதாடினார். அரசு ஏற்கவில்லை என்றதும் அந்த நிலையத்தின் முதல்வர் பொறுப்பை விட்டு விலகினார். அவர் சொன்ன கால அளவு சரியா என்பது வேறு விஷயம். பட்டறையில் நின்று கல்வியைப் பார்த்த ஒரு மனிதரின் பேச்சு அது. அந்தப் பார்வையில்தான் இந்த ஊர் பம்ப்செட்டுக்குப் பேர்போன ஊரானது.

அரசுக்கும் இது புது யோசனை ஒன்றும் இல்லை. 1978-79-ல் மத்திய அரசு 36 பாலிடெக்னிக்குகளைத் தேர்ந்தெடுத்துச் சமுதாய பாலிடெக்னிக் திட்டத்தைத் தொடங்கியது. சுற்றுவட்டார மக்களுக்குப் பயிற்சி கொடுப்பதோடு, தொழில்நுட்பத்தை வெளியே கொண்டுசெல்வதும், வெளி ஆட்களுக்குத் தொழில்நுட்ப உதவி செய்வதும் அந்தத் திட்டத்திலேயே எழுதப்பட்ட வேலைகள். ஒரு பாலிடெக்னிக் தன்னைச் சுற்றி இருக்கும் மக்களுக்கும் உரியது என்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டாகிவிட்டது. பிறகு ஏன் இன்று ஒரு கவர் மண்ணைச் சோதிப்பதற்குத் தணிக்கை பயம்?

புரிந்துணர்வு ஒப்பந்தங்களைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். பெரிய நிறுவனங்கள் பாலிடெக்னிக்குகளுடன் கைகோப்பதை நான் எதிர்க்கவில்லை. வேலைவாய்ப்பு வருகிறது, சில இடங்களில் நல்ல ஆய்வகம் வருகிறது. 71 அரசு ஐடிஐ-களை டாட்டா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் தொழில் 4.0 (கணினி, தானியங்கி சார்ந்த தொழில்முறை) தரத்துக்கு உயர்த்தியதை எங்கள் சங்கக் கூட்டங்களில் எல்லோரும் வரவேற்றோம். 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தால் எங்களிடம் வேலைக்கு வரும் பிள்ளைகளின் பேச்சிலும் தன்னம்பிக்கையிலும் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் இவையெல்லாம் மாணவரைத் தொழிலுக்குத் தயார் செய்யும் வேலைகள். தொழிலின் ஒரு கோளாறை எடுத்துக்கொண்டு தீர்த்துக் கொடுக்கும் வேலை வேறு. அந்த இரண்டாவது வேலை ஒப்பந்தத் தாளில் 'கூட்டு ஆராய்ச்சி' என்று ஒரு வரியாக இருக்கும். கையெழுத்தான பிறகு அந்த வரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெரிய நிறுவனத்துக்குச் சொந்த ஆய்வுப் பிரிவு இருக்கிறது, பாலிடெக்னிக்கின் மைக்ராஸ்கோப் அவர்களுக்குத் தேவையே இல்லை. தேவைப்படுகிறவன் சிறு பட்டறைக்காரன். அவனுக்கு ஒப்பந்தம் போட லெட்டர்பேடு இல்லை, மேடையில் உட்கார நேரமும் இல்லை. கல்லூரியின் தர மதிப்பீட்டில் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள், தீர்த்துக் கொடுத்த கோளாறுகளின் எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை. எதைக் கேட்கிறீர்களோ அதைத்தானே முதல்வர்கள் சேர்ப்பார்கள்?

மாணவர் பக்கம் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். ஊருக்கு ஊர் புராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. பணம் கட்டினால் வேலை செய்யும் மாடல், அச்சடித்துப் பைண்ட் செய்த ரிப்போர்ட், வாய்மொழித் தேர்வுக்குக் கேள்வி பதில், எல்லாம் கிடைக்கும். என்னிடம் வேலை கேட்டு வந்த ஒரு பையன் அப்படி ஒரு ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினான். சோலாரில் ஓடும் ஏதோ ஒரு வண்டி. முதல் பக்கத்தைத் தாண்டி ஒரு கேள்வி கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா கடன் வாங்கி அந்தப் பணத்தைக் கட்டியதாகச் சொன்னான். நல்ல பையன், இப்போது எங்களிடம்தான் இருக்கிறான், கெட்டிக்காரனாக வேலை கற்றுக்கொண்டான். இவனுக்கு ஏன் அந்தப் பருவத்தை வீணடித்தோம்? அவன் படித்த கல்லூரியைச் சுற்றி இருக்கும் பட்டறைகளில் ஆளுக்கொரு கோளாறு காத்துக்கொண்டிருந்தது. ஒரு காசு கட்டாமல் அவன் ஒரு நிஜப் புராஜெக்ட் செய்திருக்கலாம், அந்தப் பட்டறைக்காரரே போக்குவரத்துச் செலவு கொடுத்திருப்பார். 'வளாகத்துக்குள் மட்டும்' என்று விதி போட்டால், பிள்ளைகளை நேராகப் புராஜெக்ட் சென்டரின் படியேற வைக்கிறீர்கள்.

ஆசிரியர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. எனக்கு உதவிய விரிவுரையாளர் வகுப்பு முடிந்து, தன் வண்டியில், தன் பெட்ரோலில் வந்து போனார். அதற்கு ஒரு ரூபாய் படி கிடையாது, பணிப் பதிவேட்டில் ஒரு வரி கிடையாது. பாலிடெக்னிக்குகளில் ஆசிரியர் பணியிடங்கள் எவ்வளவு காலம் காலியாகக் கிடந்தன என்பது ஊரறிந்த விஷயம். 1,058 விரிவுரையாளர் இடங்களுக்கு 2017-ல் நடந்த தேர்வு முறைகேட்டால் 2018-ல் ரத்தானது, மறுதேர்வு 2021 டிசம்பரில்தான் நடந்தது. அத்தனை ஆண்டுகள் தற்காலிக ஆசிரியர்கள்தான் சொற்பச் சம்பளத்தில் வகுப்புகளைத் தாங்கிப் பிடித்தார்கள். மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கும் இடத்தில், பட்டறைக்கு ஏன் வரவில்லை என்று யாரையும் கேட்க எனக்கு வாய் வராது. அந்த வேலைக்கு நேரமும் மதிப்பும் படியும் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

உங்கள் தரப்புப் பயங்களையும் நான் தள்ளிவிடவில்லை. உருகிய இரும்பு ஓடும் இடத்துக்குப் பதினெட்டு வயதுப் பிள்ளையை அனுப்பப் பயப்படுவதில் தவறில்லை. எங்களிடம் வந்த நான்கு பேருக்கும் ஷூ, கண்ணாடி, ஏப்ரன் கொடுத்துத்தான் உள்ளே விட்டேன், ஊற்றும் நேரத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்தேன். எல்லாப் பட்டறையும் அப்படி நடக்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. அதனால் விதி வேண்டும், காப்பீடு வேண்டும், பாதுகாப்பில்லாத பட்டறையை ஆசிரியர் மறுக்கும் உரிமை வேண்டும். எங்கள் தரப்பிலும் ஒரு பயம் உண்டு. பக்கத்துப் பட்டறைக்காரர் எங்களுக்குப் போட்டியாளர். நாங்கள் கண்டுபிடித்த ஒரு கலவை விகிதம் அடுத்த வருட மாணவர் மூலம் அங்கே போய்விடுமோ என்ற தயக்கத்தில் நிறையப் பேர் பாலிடெக்னிக் பக்கமே வருவதில்லை. ஒரு பக்கத்தில் எழுதிய ரகசிய உறுதிமொழி இரண்டு தரப்பிலும் இருந்தால் இது தீரும். கட்டணக் கணக்குப் பிரச்சினைக்கும் வழி இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் ஆலோசனைப் பணிக்குக் கட்டணம் வாங்கி, நிறுவனத்துக்கும் ஆசிரியருக்கும் பிரித்துக் கொடுக்கும் விதிகள் பல காலமாக நடைமுறையில் இருக்கின்றன. அதை எளிமையாக்கிப் பாலிடெக்னிக்குக்கும் கொடுத்தால் போதும்.

வெளிநாட்டை இழுக்க எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் இரண்டு ஊர்களைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் பாலிடெக்னிக்குகளுக்குள்ளேயே சிறு நிறுவனங்களுக்கான புத்தாக்க மையங்களை அரசு வைத்திருக்கிறது. சிங்கப்பூர் பாலிடெக்னிக்கில் இருப்பது உணவுத் துறைக்கானது. புதுப் பண்டம் செய்யவும் அது எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று பார்க்கவும் சிறு உணவு நிறுவனங்கள் அங்கே போகின்றன. கனடாவில் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் உள்ளூர் நிறுவனங்களோடு செய்யும் பயன்பாட்டு ஆராய்ச்சிக்கென்றே இயற்கை அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி மன்றம் தனித் திட்டம் வைத்து நிதி கொடுக்கிறது. இரண்டு இடத்திலும் பாலிடெக்னிக் என்பது பல்கலைக்கழகத்துக்குக் கீழ்ப்படி என்ற எண்ணத்தில் இதைச் செய்யவில்லை. சிறு நிறுவனத்தின் கோளாறை எடுத்துத் தீர்க்கப் பொருத்தமான இடம் இதுதான் என்று முடிவு செய்து பணம் போட்டிருக்கிறார்கள்.

இனி என் கோரிக்கைகள்.

வெளி வேலைகளை எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கும் கல்லூரிகள் அந்த முடிவை இந்தக் கல்வியாண்டுக்குள்ளேயே திரும்பப் பெற வேண்டும். திரும்பப் பெற முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எழுத்தில் இருந்தால்தான் அதற்கு நாங்கள் பதில் சொல்ல முடியும்.

கட்டணம், கணக்கு, ஆசிரியர் பங்கு, நுகர்பொருள் செலவு, மாணவர் காப்பீடு, ரகசியம் காப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்துத் துறை ஒரே ஒரு பொது விதிமுறையை வெளியிட வேண்டும். மூன்று பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முதல்வர் தன் மட்டத்திலேயே அனுமதிக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். ஒரு கவர் மண்ணுக்கு யாரும் சென்னைக்குக் கோப்பு அனுப்பிக் காத்திருக்க முடியாது.

ஆறாம் பருவப் புராஜெக்ட்டில், சுற்றுவட்டாரச் சிறு நிறுவனத்தின் நிஜக் கோளாறு ஒன்றை எடுத்துச் செய்வதை ஒரு முறையான வழியாக எழுதிவையுங்கள். மதிப்பெண்ணில் ஒரு பகுதியை அந்தப் பட்டறைக்காரரும் ஆசிரியரும் சேர்ந்து போடட்டும். கோளாறு தீராமல் போனாலும், சரியாக அளந்து நேர்மையாகப் பதிவு செய்திருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். ஆராய்ச்சியில் பாதி, தீராமல்தான் போகும்.

இந்த வேலையை வழிநடத்தும் ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு அரைநாளையாவது பணிநேரமாகக் கணக்கிடுங்கள், பயணப்படி கொடுங்கள், பணிப் பதிவேட்டில் எழுதுங்கள். தற்காலிக ஆசிரியர்களுக்கும் இது பொருந்த வேண்டும்.

கல்லூரிகளை மதிப்பிடும்போது, கையெழுத்திட்ட ஒப்பந்தங்களுக்குப் பக்கத்தில், கடந்த ஆண்டில் வெளியிலிருந்து வந்த கோளாறுகள் எத்தனை, தீர்ந்தவை எத்தனை என்ற இரண்டு எண்களையும் கேளுங்கள். ஒவ்வொரு பாலிடெக்னிக்கும் தன்னிடம் என்ன கருவி இருக்கிறது, எந்த நாளில் வெளியாட்கள் பயன்படுத்தலாம், கட்டணம் எவ்வளவு, யாரைப் பார்க்க வேண்டும் என்று தமிழில் எழுதி வாசலிலும் இணையதளத்திலும் போட வேண்டும். மாவட்டத் தொழில் மையங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், எங்களில் பலர் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான்.

சிறு நிறுவனங்களின் புதுமை முயற்சிக்காக மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் நிதியுதவி வவுச்சர் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அப்படிப்பட்ட திட்டங்களில் பாலிடெக்னிக் ஆய்வகங்களையும் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். விண்ணப்பத்தை நிரப்பவே ஆள் வைக்க வேண்டிய நிலையில் இருக்கும் பட்டறைகளுக்காக, சிறிய தொகையில், பாலிடெக்னிக் முதல்வரின் பரிந்துரை மட்டுமே போதும் என்ற ஒரு பிரிவையும் சேர்க்கச் சொல்லித் தொழில் துறையிடம் நீங்கள் பேச வேண்டும். நாங்கள் பேசினால் அந்தக் கதவு திறக்க வருடங்கள் ஆகும்.

எங்கள் தரப்பில் நாங்கள் செய்யக்கூடியதையும் எழுதித் தருகிறேன். நியாயமான கட்டணத்தை முன்கூட்டியே கட்டுவோம். மாணவர்களுக்குப் பாதுகாப்புச் சாமான்களும் போக்குவரத்துச் செலவும் நாங்கள் தருவோம். ஆய்வகத்தில் பழுதான கருவிகளை, எங்கள் கையால் முடிந்தவற்றை, இலவசமாகச் சரிசெய்து தருவோம். எங்கள் பகுதிப் பட்டறைக்காரர்கள் பலரிடம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் கோளாறுகளை ஒரு பட்டியலாக எழுதி வைத்திருக்கிறோம். கூப்பிட்டால் அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பட்டியலோடு நேரில் வருகிறோம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு தேதியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு வார்ப்பாலை உரிமையாளர்,
கணபதி, கோவை.